அடாப்டர் இலக்கணம்: புணர்ச்சி அதிகாரம்

பாயிரம்

நூல் என்று ஒன்றை எழுதப் புகுந்தால் அதற்குப் பாயிரம் வேண்டும் என்பது பழைய கட்டளை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சொல்லாத நூலை நம் முன்னோர் கையால் தொடமாட்டார்கள். ஆகவே முறைப்படி சொல்லிவிடுவோம்.

நூற்பெயர் மேலே இருக்கிறது. எல்லை: சுவரிலுள்ள மூன்று துளை பிளக் பாயின்ட் தொடங்கி, ரவுட்டரின் முதுகிலுள்ள ஒற்றைத் துளை வரை. நுதலிய பொருள்: பழைய அடாப்டர் உயிர்விட்டபின் அவ்விடத்தில் புதிய ஒன்றைத் தீங்கின்றிப் புணர்த்தல். கேட்போர்: எல்லா அறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் "வைஃபை போச்சு" என்ற குரலைக் கேட்பவர். யாப்பு: உரைநடை. செய்யுள் செய்திருக்கலாம்தான்; ஆம்பியருக்கு எதுகை கிடைக்கவில்லை. வழி: முதல், வழி, சார்பு என்னும் மூவகை நூல்களில் இது சார்புநூல். முதல்நூல் அடாப்டரின் வயிற்றில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். பயன்: ரவுட்டர் பிழைத்தல். ஆக்கியோன் பெயர் அடக்கம் கருதி விடுக்கப்பட்டது.

இந்நூலின் துணிபு ஒன்றே. துளைக்குள் நுழைந்துவிட்டதாலேயே ஓர் அடாப்டர் அந்த ரவுட்டருக்குப் பொருந்திவிட்டது ஆகாது. பின்வரும் இயல்கள் யாவும் இதன் விரிவு.

ஸ்டிக்கரியல்

ஒவ்வொரு அடாப்டரின் வயிற்றிலும் எறும்பெழுத்தில் ஒரு சாசனம் உண்டு. கல்வெட்டு ஆய்வாளர் முறையே இங்கும் செல்லும்: வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவைத்து வாசிக்கலாம், அல்லது போனில் படமெடுத்துப் பெரிதாக்கலாம். சாசனத்தில் இரு வரிகள் முக்கியம். முதலாவது இன்புட், இரண்டாவது அவுட்புட். கடைக்குப் போய் அடாப்டர் கேட்பவர் பலர் முதல் வரியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். "100-240 வோல்ட், 0.5 ஆம்பியர்" என்று அங்கே இருப்பது, அடாப்டர் சுவரிலிருந்து வாங்குவதைப் பற்றிய செய்தி. ரவுட்டருக்கு அது கொடுப்பது இரண்டாம் வரியில் இருக்கிறது. வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறப்பவர் வட்டிக்கடை வைக்கவும் லாயக்கில்லை.

அவுட்புட் வரியில் காணவேண்டியவை நான்கு. முதலாவது வோல்ட். வீட்டு ரவுட்டர்களிலும் ஃபைபர் இணைப்புக்கான ஓ.என்.டி. பெட்டிகளிலும் இது பெரும்பாலும் 12. சிறிய, பழைய பெட்டிகளில் 9 அல்லது 5. இரண்டாவது ஆம்பியர்: 0.5, 1, 1.5, 2 என வளரும். மூன்றாவது மின்வகை. நேர்கோடு ஒன்றும் அதன்கீழ் துண்டுக்கோடுகளும் இருந்தால் டி.சி., அலைபோல் நெளிந்திருந்தால் ஏ.சி. நான்காவது துருவம். நடுவில் ஒரு புள்ளி, அதைப் பாதி வளைத்து ஒரு பிறை, இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகள். நடுப்புள்ளியோடு கோடு எந்தக் குறியை இணைக்கிறதோ அதுவே பின்னின் உள்துளைக்கு உரியது. ரவுட்டர் உலகில் நடு நேர்மின் என்பதே பெருவழக்கு. கிடார் பெடல்களில் நடு எதிர்மின் என்பது வழக்கு. வீட்டில் இசை பயிலும் பிள்ளை இருந்தால் இந்தச் செய்தி உங்களுக்கு உயிர்நிலை.

இதே நான்கையும் ரவுட்டரின் அடிவயிற்றிலும் வாசிக்கவேண்டும். இரண்டு சாசனங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடாமல் பின்னைச் செருகுவது, இரு பிரதிகளையும் பாராமல் பாடபேதம் எழுதும் பதிப்பாசிரியரின் செயல்.

இந்தியத் தரநிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பதிவைப் பற்றியும் இவ்வியலிலேயே சொல்லவேண்டும். கணினி சார்ந்த கருவிகளின் அடாப்டர்களுக்கு இந்தியாவில் இந்தப் பதிவு கட்டாயம். ஸ்டிக்கரில் ஐ.எஸ். எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணை இட்டால், அதற்குரிய நிறுவனமும் பொருளும் எவை என்று தெரியும். அப்படிப் பார்க்கையில் சில அடாப்டர்கள் ஊர்பேர் இல்லாதவையாக நிற்கும். கையில் எடுத்தால் காற்றடைத்த டப்பாபோல் எடையற்றிருப்பவை அந்த இனம். சுவரின் 230 வோல்ட்டுக்கும் ரவுட்டரின் 12 வோல்ட்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய காப்பு இடைவெளியில்தான் இவற்றைச் செய்பவர்கள் சிக்கனம் பிடிக்கிறார்கள்.

புணரியல்

நிலைமொழி ரவுட்டர், அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. வருமொழி அடாப்டர், அது டிராயரிலிருந்தோ கடையிலிருந்தோ வருகிறது. இரண்டும் புணரும்போது மாற்றம் ஏதும் நிகழாமல் விளக்குகள் வழக்கம்போல் எரிந்தால் அது இயல்புப் புணர்ச்சி. மாற்றம் நிகழ்ந்தால் விகாரம். விகாரம் மூன்று என்று படித்திருக்கிறோம், இங்கும் அவையே. புகையோ வாடையோ புதிதாக வருவது தோன்றல். பச்சை விளக்கு சிவப்பாவதும், வேகம் மந்தமாவதும், மணிக்கொருமுறை ரவுட்டர் தானே அணைந்து எழுவதும் திரிதல். மூன்றாவது கெடுதல், இதற்கு உரை வேண்டியதில்லை.

எந்தப் புணர்ச்சி இயல்பாகும், எது விகாரப்படும் என்பதை வழாநிலை, வழு, வழுவமைதி என்ற பாகுபாட்டால் அறியலாம். வோல்ட்டும் மின்வகையும் துருவமும் ஒன்றாகி, பின்னின் அளவும் ஒத்து, ஆம்பியர் சமமாக இருந்தால் வழாநிலை. இதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. நல்ல குடும்பங்களைப் பற்றி நாவல் எழுத முடியாது.

வழுவமைதி என்பது வழுப்போலத் தோன்றினும் அமைத்துக்கொள்ளப்படுவது. இங்கே அது ஒன்றே ஒன்று: ஆம்பியர் மிகுதி. 1 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டரைப் போடலாம், எல்.இ.டி. பட்டைக்கு விற்கும் 5 ஆம்பியர் அடாப்டரையும், அது தரமானதென்றால், போடலாம். அற்றேல், ஐந்து ஆம்பியரும் உள்ளே பாய்ந்து ரவுட்டரைக் கருக்கிவிடாதோ எனின், கருக்காது. மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருக்கிறதென்று குழாயடிச் சொம்பு வெடிப்பதில்லை. திறந்த அளவே வரும். ரவுட்டர் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொள்ளாமல் "ஆம்பியர் அச்சாக ஒன்றாக இருக்கவேண்டும்" என்று கடைகடையாக அலைவாரும் உளர். அவர் காலணி தேய்வதன்றி வேறு தீங்கில்லை. ஆனால் ரவுட்டருக்குள் ஏதேனும் ஷார்ட் ஆனால், பெரிய அடாப்டர் அந்தக் கோளாற்றுக்கும் தாராளமாகவே தரும் என்பதையும் மறைக்கக்கூடாது.

இனி வழு. இதுதான் இவ்வதிகாரத்தின் உயிர்ப்பகுதி.

ஆம்பியர் குறைவது சோம்பல் வழு. 1.5 கேட்கும் பெட்டிக்கு 0.5 கொடுத்தால் உடனே ஒன்றும் நேராது. விளக்குகள் எரியும், வைஃபை பெயரும் போனில் தெரியும். இரவு எட்டரைக்கு மேல் டி.வி., இரண்டு லேப்டாப், நான்கு போன் எல்லாம் ஒருசேர இழுக்கும்போது அடாப்டர் தாங்காமல் வோல்ட்டை இறக்கிவிடும். ரவுட்டர் அணைந்து மறுபடி எழும். அடாப்டர் மட்டும் இளநீர் வைத்தாலும் ஆறாத சூட்டில் இருக்கும்.

வோல்ட் குறைவதை அதன் தம்பி எனலாம். 12 கேட்கும் ரவுட்டருக்கு 9 கொடுத்தால், சில பெட்டிகள் எழவே மாட்டா. சில எழுந்து தள்ளாடும். உள்ளே இருக்கும் மாற்றிச் சுற்று தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் பெற்றுவிடப் பார்க்கும். ஆகையால் வோல்ட் குறையக் குறைய ஆம்பியரைக் கூடுதலாக இழுக்கும். பன்னிரண்டில் ஓர் ஆம்பியர் இழுத்தது, ஒன்பதில் ஒன்றேகால் தாண்டி இழுக்கும். அடாப்டர் கூடுதல் சுமை தூக்கும்.

வோல்ட் மிகுவதுதான் கொலை வழு. 5 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட்டைச் செருகினால் கெடுதல் விகாரம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். லேப்டாப் அடாப்டர் இதில் தலைமைக் குற்றவாளி. 19 வோல்ட் கொடுக்கும் சில அடாப்டர்களின் பின்னும் ரவுட்டர்ப் பின்னும் வெளிவிட்டத்தில் ஒன்றே: 5.5 மில்லிமீட்டர். உலகம் முழுதும் வோல்ட்டுக்கு ஒரு பின் என்று வகுத்திருந்தால் இந்நூலுக்கே வேலை இருந்திராது. வகுக்கவில்லை, 5, 9, 12, 19 யாவும் ஒரே உருவத்தில் உலவுகின்றன.

இதற்கு உள்வகை ஒன்றும் உண்டு. பரணில் கிடக்கும் பழைய கனமான அடாப்டர், உள்ளே இரும்பும் செப்புச்சுருளும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் இனம். இவற்றில் பல, சுமையில்லாதபோது ஸ்டிக்கரில் சொன்னதைவிட மிகுதியாகக் கொடுக்கும். 12 என்று எழுதியிருப்பது மீட்டரில் 16, 17 காட்டுவது இவ்வினத்தின் இயல்பு. சொன்ன சொல்லை மீறுவதில் தாராளமானவை. இன்னும் சில டி.சி.யே கொடாது 9 வோல்ட் ஏ.சி. கொடுக்கும், பழைய டயல்-அப் மோடம்களோடு வந்தவை அவை. வடிவம் அதே பின். மின்வகை வழு என்று இதைத் தனியே எண்ணுக.

துருவ வழு, எதிர்மின்னை நடுவில் வைத்த அடாப்டரைச் செருகுவது. ரவுட்டரின் வாசலில் காவல் டயோடு இருந்தால் அது தடுத்துவிடும், அல்லது தான் உயிர்கொடுத்துப் பெட்டியைக் காக்கும். காவல் இல்லாவிட்டால் அந்த டயோடின் பொறுப்பை மெயின் சிப் ஏற்கும்.

எஞ்சியது பின் வழு. இங்கே நுண்மை வேண்டும். 5.5 மில்லிமீட்டர்ப் பின்களில் உள்துளை 2.1 கொண்டதும் 2.5 கொண்டதும் உள. ரவுட்டரின் நடுக்கம்பி 2.5 ஆக இருந்து பின்துளை 2.1 என்றால் நுழையவே நுழையாது. சிலர் அழுத்தி நுழைக்க முயன்று இரண்டையும் கெடுப்பர். கம்பி 2.1, துளை 2.5 என்றால் சுகமாக நுழையும். இதுதான் வஞ்சகம். தொளதொளவென்று நின்று, பூனை உரசினாலும் தொடர்பு அறும். அந்த இடத்தில் நுண்ணிய தீப்பொறிகள் பறந்து நாளடைவில் கருக்கும். வயரை ஒரு கோணத்தில் வளைத்து ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தும் வீட்டுவைத்தியத்தை உரையாசிரியர்கள் பலர் கைக்கொண்டிருக்கிறார்கள். நாம் அதை வழுவமைதியில் சேர்க்க மறுக்கிறோம்.

செய்கையியல்

முறைவைப்பு: முதலில் சுவர் சுவிட்சை அணை. பிறகு பழைய அடாப்டரைச் சுவரிலிருந்து எடு. பிறகு ரவுட்டரின் பின்னைக் கழற்று. புதியதற்கு இதன் தலைகீழ்: பின் முதலில், பிளக் அடுத்து, சுவிட்ச் கடைசியில். உயிருள்ள பின்னைச் செருகினால் நுனியில் பொறி பறக்கும். சுவிட்ச் வைத்த சாக்கெட்டுகள் நம் நாட்டுச் சுவரெங்கும் இருக்க, அந்தப் பொறியை ஏன் வரவழைக்க வேண்டும்? மென்பொருள் புதுப்பிப்பு நடக்கும்போது மட்டும் இதையெல்லாம் செய்யாதிருக்க.

மல்டிமீட்டர் உள்ளவர் செருகுமுன் ஒருமுறை அளக்கலாம். டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை உள்துளையிலும் கறுப்பு முனையை வெளிவளையத்திலும் வைக்கவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. திரையில் கழித்தல் குறி வந்தால் துருவம் மாறியிருக்கிறது. ஆனால் மீட்டர் 12 காட்டிவிட்டதென்று அடாப்டருக்கு நற்சான்று எழுதிவிடாதீர்கள். நோயுற்ற அடாப்டரும் சும்மா இருக்கும்போது 12 காட்டும்; சுமை ஏறியபின்தான் அதன் நாடி விழும். உறுதியாக நல்லதென்று தெரிந்த இன்னோர் அடாப்டரை மாற்றிப் பார்ப்பதே மெய்யான சோதனை.

அடாப்டரைத் திறந்து பார்க்கலாமோ எனின், கூடாது. சுவரின் 230 வோல்ட் உள்ளே டி.சி.யாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்கு ஏறி ஒரு கெப்பாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிதுநேரம் அது அங்கேயே இருக்கலாம். மூப்பு முதலில் வருவதும் கெப்பாசிட்டர்களுக்குத்தான். அவை வாழும் இடத்தின் வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக்கணக்கு. டி.வி.க்குப் பின்னால், செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் போன் சார்ஜரும் தோளோடு தோள் நெருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ரவுட்டர் அடாப்டரையும் அடைத்துவைப்பவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

குற்றவியல்

நூலின் குற்றம் பத்து என்று நன்னூல் எண்ணும். ரவுட்டர்மேல் வீட்டார் சுமத்தும் குற்றங்கள் அதற்கும் மேலே போகும். அவற்றுள் அடாப்டருடையது எது, அயலாருடையது எது என்று பிரித்தறிய ஒரே ஓர் அடையாளத்தை வலியுறுத்துவேன். ஓ.என்.டி.யில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பில் மினுக்கினால் ஒளி வரவில்லை என்று பொருள். ஃபைபர் எங்கோ ஒடிந்தோ வளைந்தோ இருக்கலாம். எந்த அடாப்டரை மாற்றினாலும் அது போகாது, புகார்தான் கொடுக்கவேண்டும். எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து ஒருசேர எழுந்தால் அது பெரும்பாலும் மின்வழங்கலின் வேலை. இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் இசைகேட்டுக் காத்திருக்குமுன் இந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சமாகும்.

ஒழிபியல்

மின்வெட்டுக்காக வாங்கும் ரவுட்டர் யு.பி.எஸ். இப்போது பல வீடுகளில் குடியேறிவிட்டது. அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே அமரும் இடைச்சொல் இது. இதில் 5, 9, 12 என்று வெவ்வேறு வாய்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இருட்டில் தடவிச் செருகுவது மேற்சொன்ன கொலை வழுவுக்கு நேர்வழி. இன்னொன்று, மின்சாரம் திரும்பியதும் அடாப்டர் ரவுட்டரையும் நடத்தவேண்டும், யு.பி.எஸ். பேட்டரியையும் ஏற்றவேண்டும். ரவுட்டரோடு வந்த 1 ஆம்பியர் அடாப்டர் இரண்டுக்கும் போதாமல் திணறலாம். யு.பி.எஸ். கேட்கும் ஆம்பியரை அதன் ஸ்டிக்கரில் பார்த்து வாங்குக.

டைப்-சி சார்ஜரிலிருந்து 12 வோல்ட் வாங்கித்தரும் கேபிள்களும் வந்துவிட்டன. பவர் டெலிவரி முறையின் வழக்கமான படிகள் 5, 9, 15, 20. பன்னிரண்டு அந்தப் பட்டியலில் இல்லை. சில சார்ஜர்கள் தயவாகக் கொடுக்கும். கொடாதவை 9 அல்லது 5க்கு இறங்கிவிடும். நம்பிக்கை வைக்கத் தகாத உறவு.

லேன் கேபிளிலேயே மின்சாரம் ஏற்றும் பி.ஓ.இ. முறையும் இருவகை. 2003இல் வந்த 802.3ஏ.எஃப். தரம், மறுமுனையில் உரிய கருவி இருக்கிறதா என்று முதலில் சோதித்து, விடை வந்தபின்னரே ஏறத்தாழ 48 வோல்ட்டை விடும். மொட்டைமாடி ஆன்டெனாக்களோடு வரும் 24 வோல்ட் இன்ஜெக்டர்கள் பலவும் கேளாமலே கொடுப்பவை. அவற்றின் பி.ஓ.இ. வாயில் லேப்டாப்பைச் செருகுபவர் தானத்தின் தீமையை அறிவார்.

பெரும்பெட்டிகள்

அலுவலகங்களிலும் டேட்டா சென்டர்களிலும் உள்ள ரேக் ரவுட்டர்களில் அடாப்டர் வெளியே தொங்குவதில்லை. பவர் சப்ளை மாட்யூலாகப் பெட்டிக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். பெரும்பாலும் இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றொன்று சுமக்கும், ஓடும்போதே மாற்றலாம். இதைக் கேட்டவுடன் அலட்சியம் பிறக்கிறது. அலட்சியத்தின் வகைகளும் எண்ணப்பட்டுள்ளன.

செத்ததை விட்டு உயிரோடிருப்பதை உருவுவது முதல்வகை. பெட்டியின் பின்னால் நிற்பவருக்கு இடம் வலமாகும். ஆகையால் விளக்கின் நிறத்தைக் கண்ணாலும், சிஸ்கோ இனமாயின் "ஷோ என்விரான்மென்ட்" கட்டளையால் எண்ணாலும் உறுதிசெய்துகொண்டே கைவைக்கவேண்டும். இரண்டு பவர் கேபிளையும் ஒரே மின்பட்டையில் செருகியிருப்பது இரண்டாம் வகை. அந்தப் பெட்டியில் இரண்டு பவர் சப்ளை இருந்தும் ஒன்றுதான் இருக்கிறது. மூன்றாவது காற்றின் திசை. சிஸ்கோவின் நெக்ஸஸ் வகை ஸ்விட்சுகளில், நெட்வொர்க் கேபிள் செருகும் பக்கத்திலிருந்து காற்றை உள்ளே இழுக்கும் மாட்யூலுக்குக் கருஞ்சிவப்பு நிறமும், அப்பக்கமாக வெளியே தள்ளுவதற்கு நீலமும் அடையாளம். இரண்டு நிறத்தையும் ஒரே பெட்டியில் கலந்தால் காற்றாடிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

மாற்றும் முறை சுருக்கமானது. மாட்யூலில் சுவிட்ச் இருந்தால் அணைத்து, மின்கேபிளைக் கழற்றி, திருகைத் தளர்த்தி, தாழ்ப்பாளை அழுத்தி, அடியில் ஒரு கையால் தாங்கி இழுக்கவேண்டும். சில மாட்யூல்கள் காலில் விழுந்தால் கால் பிழைக்காத கனம். புதியது அதே மாடல் எண்ணாக இருக்கட்டும். பூட்டு விழும் ஒலி கேட்டபின்பே கேபிள். மாற்றுப்பொருள் வரும்வரை இடத்தைத் திறந்துவைக்காமல் மூடித்தகட்டை மாட்டுக. திறந்த துளை வழியே குளிர்காற்று குறுக்குவழியில் ஓடிவிடும். பெட்டி முழுவதையும் அணைப்பதாயின் இரண்டு கேபிளையும் கழற்றவேண்டும் என்பதைப் பெட்டியின்மேல் ஒட்டிய எச்சரிக்கை சொல்கிறது. அதை வாசிப்பவர் அரியர்.

தொலைபேசி நிலையங்களில் இன்னும் அரசாள்வது மைனஸ் 48 வோல்ட் டி.சி. இரண்டிரண்டு வோல்ட்டாக 24 செல்களைக் கோத்த ஈய-அமிலப் பேட்டரி வரிசையின் எண் அது. நேர்முனையைப் பூமியோடு கட்டி எதிர்முனையை உயிராக வைத்தது, ஈரமண்ணில் கிடந்த செப்புக் கேபிள்கள் மின்னரிப்பால் கரையாதிருக்க. இங்கே வேலை செய்பவர் பிரேக்கரை அணைத்துப் பூட்டுப்போட்டு, மீட்டரால் பார்த்து, பிறகே ஸ்பானரை எடுக்கவேண்டும். எர்த் வயரைக் கழற்றுவது கடைசியில், மாட்டுவது முதலில். 48 வோல்ட்தானே என்று இகழ்வார்க்கு ஒரு சொல்: அந்தப் பேட்டரி வரிசை ஒரு மோதிரத்தைச் சிவக்கக் காய்ச்சவல்லது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைத்துவிட்டு வருக.

புறனடை

இங்கே சொல்லாது விட்டவற்றையும் சொன்னவற்றின் வழியே கொள்க என்று எழுதி முடிப்பது மரபு. மரபை மீறி வாசகரிடம் இரண்டு வேண்டுகோள். புதிய ரவுட்டர் வந்த அன்றே, அடாப்டரின்மேல் அது எந்தப் பெட்டிக்குரியது என்று அழியாத மார்க்கரால் எழுதிவையுங்கள். செத்த அடாப்டரை "எதுக்காவது ஆகும்" என்று டிராயரில் போடாமல், பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்தபின் வயரை நறுக்கிவிட்டு மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் உண்டு.